பச்சை ஃபைல், மஞ்சள் ஃபைல், செல்லப்பாண்டி

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுத்துப்பிழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துபோனது. வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. பத்திரிகை ஆபீஸில் டைப் அடிக்கிற பெண் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறார். அவர் பாடுதான் பாவம். சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்று எனக்கே போன் செய்து கேட்பார். எனக்குத் தெரிந்தால் நான் ஏனம்மா இப்படி எழுதப் போகிறேன்?

ஆனால் இந்த வாரம் அதே கையெழுத்தைப் பற்றி ஒரு பெருமையும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொறுங்கள்... அதற்கு வருகிறேன்.

போன வாரம் எங்கள் கம்பெனியில் ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். தீபாவளி லட்டு முந்தியே தீர்ந்துபோனது. இது ஆடிட் லட்டு. வெளியூரிலிருந்து ஆடிட்டர் வந்து, எல்லா ஃபைலையும் புரட்டி, எங்களுக்குத் தரச் சான்றிதழ் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். "உங்கள் ரெக்கார்டுகள் பிரமாதம்" என்று மேனேஜரின் கையைக் குலுக்கினார். ஒரே ஒரு தாளில் மட்டும் குறை கண்டுபிடித்தார். ஒரே ஒரு தாள்!

அந்தத் தாளின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அந்த லட்டு என் தொண்டையில் இறங்காமல் சட்டைப்பையிலேயே கிடந்து எண்ணெய் வடிந்ததற்கும் அதுதான் காரணம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் வேலை பார்ப்பது நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிப் போகிற சாலையில் உள்ள ஒரு ரப்பர் கம்பெனியில். வண்டிகளின் அதிர்வு தாங்குகிற இடத்தில் கறுப்பாக, கட்டைவிரல் தண்டிக்கு ஒரு புஷ் இருக்குமே... அதைச் செய்கிறோம். ரப்பரை அச்சில் போட்டு, சூடான பிரஸ்ஸில் அழுத்தி வேக வைக்க வேண்டும். இட்லி மாதிரிதான். சூடு குறைந்தால் வேகாது. நான் அங்கே ரெக்கார்ட் ரூம் அட்டெண்டர். அலமாரி துடைப்பது, ஃபைல் எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது. நாலு பேர் கூடின இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் மட்டும் நிறுத்தத் தெரியாது.

இந்த வருடம் ஆனி மாதம் வரை எங்கள் கம்பெனியில் ரெக்கார்ட் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. புஷ் செய்தோம், விற்றோம், சாப்பிட்டோம். அப்போது ஒரு பெரிய வாடிக்கையாளர், சான்றிதழ் இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டார். உடனே முதலாளி கோயம்புத்தூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட்டைக் கூட்டி வந்தார்.

கன்சல்டன்ட் சார் வந்த முதல் நாளே எங்கள் எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து வகுப்பெடுத்தார்.

"பேப்பர்ல ரெண்டே ஜாதிதாங்க. ஒண்ணு டாக்குமென்ட். என்ன செய்யணும்னு சொல்றது. அதைத் திருத்தலாம், மாத்தலாம். அதுக்குப் பச்சை ஃபைல். இன்னொண்ணு ரெக்கார்ட். என்ன செஞ்சோம்னு சொல்றது. அதைத் திருத்தவே கூடாதுங்க. நடந்தது நடந்ததுதான். அதுக்கு மஞ்சள் ஃபைல்."

டிஸ்பாட்ச் கிளார்க் ஜாபர் கையைத் தூக்கினான். எங்கள் கம்பெனியில் வாய் உள்ள பிள்ளை அவன்தான்.

"அப்ப கல்யாணப் பத்திரிகை டாக்குமென்ட், கல்யாண போட்டோ ரெக்கார்டுங்களா சார்?"

"கரெக்டுங்க!"

"பத்திரிகையைத் திருத்தலாம், போட்டோவுக்கு அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்கிறீங்க."

கேன்டீனே சிரித்தது. கன்சல்டன்ட்டும் சிரித்தார். உண்மையைச் சொல்கிறேன் – எனக்கு அந்தப் பாடம் ரொம்பப் பிடித்துப் போனது. எவ்வளவு சுத்தமான பிரிவினை! இட்லிக்கு அரிசி எத்தனை பங்கு, உளுந்து எத்தனை பங்கு என்பது டாக்குமென்ட். இன்றைக்கு இட்லி கல்லாக இருந்தது என்பது ரெக்கார்ட். முன்னதை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். பின்னதை மாற்ற யாரால் முடியும்? அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் இதே உதாரணத்தைச் சொன்னேன். அதன் பலனை இங்கே எழுதவில்லை.

அதற்குப் பிறகு தொடங்கியது கூத்து. தொழிற்சாலையில் கண்ணில் பட்ட காகிதத்துக்கெல்லாம் நம்பர் ஒட்டினார்கள். கழிவறைக் கதவில் ஒரு ரெக்கார்ட் தொங்கியது. தண்ணீர் வராத நாளிலும் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று அதில் டிக் விழுந்தது. பிரஸ் ஹாலில் நாள்தாள் கிழிக்கிற காலண்டர் ஒன்று மாட்டியிருந்தது. மளிகைக்கடையில் சும்மா கொடுத்தது. பௌர்ணமி, அமாவாசை, ராகுகாலம் எல்லாம் போட்டிருக்கும். வருடம் முழுவதற்குமான உள்ளூர்த் திருவிழாத் தேதிகள் அதன் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். கன்சல்டன்ட் அதன் முன்னால் நின்று நெற்றியைச் சுருக்கினார்.

"இது யார் அப்ரூவ் பண்ணுனதுங்க?"

யார் அப்ரூவ் செய்வார்கள்? மளிகைக்கடை அண்ணாச்சியா?

"வெளியிலிருந்து வந்த டாக்குமென்ட்டுங்க. நம்பர் இல்லை, கையெழுத்து இல்லை. அதுலயும் தினம் ஒரு தாளைக் கிழிச்சுப் போட்டுடறீங்க. கன்ட்ரோலே இல்லீங்களே. எடுத்துருங்க."

எடுத்துவிட்டோம். சூரியனும் சந்திரனும் அதற்கப்புறம் கன்ட்ரோல் இல்லாமல்தான் எங்கள் கம்பெனிக்கு மேலே உதித்துக்கொண்டிருந்தன.

காலண்டரைத்தானே எடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். அதில்தான் இந்தக் கதையின் முடிச்சு விழுந்தது.

சான்றிதழ் கொடுக்கிறவர்கள் வர வேண்டுமென்றால், பல மாத ரெக்கார்ட் கையில் இருக்க வேண்டுமாம். எங்களிடம் இருந்தது ஆனியிலிருந்து எழுதினது மட்டும். என்ன செய்வது? கன்சல்டன்ட்டுக்கா தெரியாது! ஆபரேட்டர்களைக் கூப்பிட்டு, வெற்றுத் தாள்களை அடுக்கி வைத்து, "புது ஃபார்மட், கீழே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று வாங்கிக்கொண்டார்கள். அவர்களும் போட்டார்கள். மிஷின் காத்துக்கொண்டிருக்கிறது, எவன் படித்துப் பார்க்கப் போகிறான்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் அழைப்பு. கேன்டீன் மேசையில் தாள்களைப் பரப்பினார்கள். தேதிகளை கன்சல்டன்ட்டே கம்ப்யூட்டரில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளி, அரசு விடுமுறைகளைத் தள்ளி... அவ்வளவு சுத்தம். எழுத்து ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்பதால் ஆளுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு பேனா. ஒருவர் நேரம், ஒருவர் எடை, ஜாபர் சூட்டு அளவு. தாளைப் பார்க்க வேண்டியதே இல்லை. அவரவர் கட்டத்தை மேலிருந்து கீழே நிரப்பினால் போதும்.

"எல்லா நாளும் நூத்தம்பதுன்னே எழுதாதீங்க" என்றார் கன்சல்டன்ட். "இயற்கையா இருக்கணுங்க. கொஞ்சம் ஏறணும், கொஞ்சம் எறங்கணும்."

"எம்புட்டு எறங்கலாம் சார்?" என்றான் ஜாபர்.

"அது உங்க கற்பனைங்க."

கற்பனை! ஒரு தொழிற்சாலையின் தரம் எங்கே உற்பத்தியாகிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

எனக்கும் ஒரு கட்டம் கொடுத்தார்கள். ஒரே ஒரு வரிதான் எழுதினேன். குவாலிட்டி மேனேஜர் எட்டிப் பார்த்தார். பேனாவை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "மணி, நீங்க போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்க" என்றார். அந்தத் தாளையும் கிழித்துப் போட்டார்.

சொன்னேன் அல்லவா, பெருமை என்று? இதுதான். அந்தக் கேன்டீனில் பொய் எழுதாத ஒரே ஆள் நான். என் ஒழுக்கத்தால் அல்ல, என் எழுத்தின் அழகால்.

டீயோடு நான் திரும்பி வந்தபோது கன்சல்டன்ட் ஒரு சின்னக் கிண்ணத்தில் மிஷின் எண்ணெயை வைத்துக்கொண்டு, மோதிர விரலால் தொட்டுத் தொட்டுத் தாள்களின் மூலையில் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பது போல அத்தனை பக்குவம். பழசாகத் தெரிய வேண்டுமாம்.

எல்லாம் மஞ்சள் ஃபைலுக்குள் போனது. நடந்தது நடந்ததுதான் அல்லவா?

ஆவணியில் வந்தது வினை. வாடிக்கையாளரிடமிருந்து புகார். எங்கள் ஒரு லோடு புஷ் வேகவில்லை, கையால் அழுத்தினாலே அமுங்குகிறது, சித்திரையில் செய்த சரக்கு, காரணம் சொல்லுங்கள் என்று.

காரணம் எங்களுக்குத் தெரியாதா? இரண்டாம் நம்பர் பிரஸ்ஸின் ஹீட்டர் மாசியிலிருந்தே நொண்டிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிற செல்லப்பாண்டி எத்தனையோ தரம் வாயால் சொல்லியிருக்கிறான். வாயால் சொன்னது ரெக்கார்ட் ஆகுமா? ஆகாது. அதனால் அது நடக்கவில்லை.

செல்லப்பாண்டி அலங்காநல்லூர்க்காரன். பைக்கில் வருவான். வேலையில் சத்தமே இருக்காது. சித்திரை பிறந்தால் கறி தொட மாட்டான், செருப்புப் போட மாட்டான். மற்ற மாதங்களில் இரண்டையும் விட மாட்டான். எனக்கு ரொம்ப நாள் பழக்கம்.

மேனேஜர் என் அறைக்கு வந்தார். "அந்த மாச மஞ்சள் ஃபைலை எடுங்க மணி." எடுத்துக் கொடுத்தேன். சூட்டு அளவுக் கட்டத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு தாளாக இறக்கிக்கொண்டே வந்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

நூற்று இருபத்தெட்டு.

"ஆபரேட்டர் யாரு... செல்லப்பாண்டி! புடிச்சாச்சு. சூடு எறங்கியிருக்கு, நிறுத்தாம ஓட்டியிருக்கான், யார்ட்டயும் சொல்லல."

ஜாபரின் கற்பனை அல்லவா அது! அவன் டீயைக் குடித்துக்கொண்டே இயற்கையாக இறக்கிய நூற்று இருபத்தெட்டு அல்லவா! நாக்கைப் பிடுங்கி எடுத்து ஒருவழியாகச் சொன்னேன்.

"சார்... இது நாம அன்னைக்கு ஞாயித்துக்கிழமை... கேன்டீன்ல..."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். அவரும் அங்கேதான் இருந்தார். என் கையிலிருந்து பேனாவை வாங்கியவரே அவர்தான்.

"நீங்க எழுதுனீங்களா மணி?"

"இல்ல சார்."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்? இது ரெக்கார்ட். ரெக்கார்ட் பொய் சொல்லாது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒரு பொய்யனின் முகமே இல்லை. தாளை மஞ்சள் ஃபைலில் வைத்த நாளிலிருந்து அவர் அதை நம்பத் தொடங்கியிருந்தார். ஃபைலின் நிறத்துக்கு இருக்கிற சக்தி அது!

செல்லப்பாண்டிக்கு மெமோ போனது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். குற்றம் நிரூபணமானால் வெளியேற்றம், காரணத்தோடு லெட்டர். அந்த லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் எந்த ரப்பர் கம்பெனி வாசலிலும் நிற்க முடியாது. அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான்.

அந்த வாரம் அவன் பஸ் ஸ்டாப் டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தான். மீசையெல்லாம் தொங்கிப்போய்...

"மணியண்ணே, மெமோல தேதி போட்டு, சூடு போட்டு, எல்லாம் தெளிவா இருக்குண்ணே. கையெழுத்தும் என்னுதுதான். காட்டுனாங்க."

"டேய், அது நீ வெத்துத் தாள்ல போட்டதுடா. அந்த நம்பர எழுதுனது ஜாபரு. எங் கண்ணு முன்னாடி எழுதுனான்."

"தெரியும்ணே. ஜாபரே வந்து எங்கிட்ட அழுதுட்டான். வந்து சொல்லட்டுமா மாப்ளன்னான். நீ சொன்னா உன்னையவும் அனுப்புவாங்க, பேசாம இருன்னுட்டேன்." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. "ஆனா ஒண்ணுண்ணே. திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்தேன். ஒருவேளை அன்னைக்கு நெசமாவே சூடு எறங்கி, நான் கவனிக்காம விட்டுருப்பேனோ?"

மேனேஜர் நம்பினார் என்றால் அதில் அவருக்கு லாபம் இருக்கிறது. இவனும் நம்புகிறானே! தன் கையையும் கண்ணையும் விட்டுவிட்டு, எவனோ கற்பனை செய்த ஒரு நம்பரை நம்புகிறானே! அச்சடித்த கட்டத்துக்குள் ஒரு பொய்யை வைத்தால், குற்றம் செய்யாதவனையே அது சம்மதிக்க வைத்துவிடுகிறது.

புரட்டாசியில் விசாரணை. முதலாளி, மேனேஜர், கன்சல்டன்ட் மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம். மஞ்சள் ஃபைலோடு சுவரோரம் நான். மேசைக்கு இந்தப் பக்கம் செல்லப்பாண்டி. அவனோடு அவன் மனைவி பரமேஸ்வரியும் வந்திருந்தாள். அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைக்கிற வேலை அவளுக்கு.

"வீட்டு ஆளுங்களுக்கு அனுமதி இல்லம்மா" என்றார் மேனேஜர்.

"நான் பேச வரல சார். ஒரே ஒரு போட்டோ காட்டிட்டுப் போயிர்றேன்."

முதலாளி, "இருக்கட்டும் விடுங்க" என்றார்.

பரமேஸ்வரி மெமோவை மேசையில் வைத்தாள். தேதியின் மேல் விரலை வைத்தாள். பிறகு தன் செல்போனை எடுத்து, ஒரு போட்டோவைத் திறந்து, மெமோவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"போட்டோவுக்கு மேல என்ன தேதி போட்டுருக்குன்னு பாருங்க சார். ரெண்டும் ஒண்ணான்னு."

மேனேஜர் பார்த்தார். ஒன்றுதான்.

"இப்ப போட்டோவப் பாருங்க. தலையில உருமா கட்டி, தோல்பையில தண்ணி பீச்சிக்கிட்டு நிக்கிறது எங்க வீட்டுக்காரரு. வருசா வருசம் வேண்டுதல். பின்னால தெரியுறது வைகையாறு. அவரு பக்கத்துல முழுசா நனைஞ்சுபோய்க் கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டு நிக்கிறாரே, பெரிய மனுசரு... அது நீங்கதான சார்?"

அழகர் ஆற்றில் இறங்கிய நாள்!

வாசகர்களே, மதுரையில் பிறந்த எவனுக்கும் அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மறக்காது. ஆனால் அதன் இங்கிலீஷ் தேதி யாருக்கு நினைவிருக்கும்? பௌர்ணமியோடு வருகிறது, வருடா வருடம் மாறுகிறது. கலெக்டர் விடுகிற உள்ளூர் விடுமுறை அது. கோயம்புத்தூர் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? சுவரில் இருந்த காலண்டர் அட்டை சொல்லியிருக்கும். அதைத்தான் அப்ரூவல் இல்லையென்று எடுத்துவிட்டோமே! அந்த ஞாயிற்றுக்கிழமை கேன்டீனில் இருந்த அத்தனை பேரும் மதுரைக்காரர்கள். அத்தனை பேரும் அவரவர் கட்டத்தைத்தான் பார்த்தார்கள். தேதியை ஒருவரும் பார்க்கவில்லை.

ஊரே ஆற்றுக்குள் நின்ற நாளில், பூட்டிய கம்பெனிக்குள், ஆளில்லாத பிரஸ் நூற்று இருபத்தெட்டு டிகிரியில் ஓடியிருக்கிறது. எப்பேர்ப்பட்ட மிஷின்!

முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். "அன்னைக்கு நானே நம்ம நீர்மோர்ப் பந்தல்ல நின்னு ஊத்திக்கிட்டு இருந்தேனேய்யா" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

இப்போது பாருங்கள் சிக்கலை. செல்லப்பாண்டி குற்றவாளி இல்லை என்று சொல்ல வேண்டுமானால், அந்த ரெக்கார்ட் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தாள் பொய் என்றால் மற்றத் தாள்கள்? மஞ்சள் ஃபைல் மொத்தமும்? சான்றிதழ்? ஆர்டர்? மேனேஜரின் கழுத்தில் வியர்வை இறங்கியது. அன்றைக்கு அழகருக்கு முன்னால் நனைந்தது பாதிதான், மீதி இன்றைக்கு.

கன்சல்டன்ட் மட்டும் கலங்கவில்லை. தாளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"இதுல ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க" என்றார். "வகைப்படுத்துனதுலதான் ஒரு சின்னத் தப்பு. இது ரெக்கார்டே இல்லீங்க. டாக்குமென்ட்டுங்க."

"என்னது?" என்றார் முதலாளி.

"ஒரு ஃபார்மை எப்படி நிரப்பணும்னு ஆட்களுக்குக் காட்டறதுக்காக நிரப்பி வெச்ச மாதிரிங்க. என்ன செய்யணும்னு சொல்லுதுங்களே? அப்ப டாக்குமென்ட்தாங்க. தப்பா மஞ்சளுக்குள்ள போயிருச்சு. எடுத்துப் பச்சைல வெச்சுட்டா முடிஞ்சுதுங்க."

நான் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தபோது, அது திருத்தவே கூடாத ரெக்கார்ட். தலைக்கு மேல் வந்தவுடன் டாக்குமென்ட். பொய்யை உண்மை ஆக்குவதைப் பார்த்திருக்கிறேன். பொய்யை 'மாதிரி' ஆக்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்ப எனக்கு வேலை சார்?" என்றான் செல்லப்பாண்டி.

"இன்னைக்கே சேந்துக்கப்பா" என்றார் முதலாளி.

"ஒரு சின்ன விஷயமுங்க" என்று குறுக்கிட்டார் கன்சல்டன்ட். "இவரு வராத நாளை எப்படிக் காட்டறது? சஸ்பெண்ட்னு இருந்தா, ஏன்னு ஆடிட்டர் கேப்பாருங்க. பயிற்சில இருந்தாருன்னு காட்டிறலாங்க." கையோடு ஒரு தாளை எழுதினார். தலைப்பு என்ன தெரியுமா? 'ரெக்கார்ட் பராமரிப்புப் பயிற்சி'. கீழே செல்லப்பாண்டி வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்கள் எல்லாம் வரிசையாக. "ஒவ்வொண்ணுக்கும் நேரா அந்தந்தத் தேதிலயே கையெழுத்துப் போட்டுருங்க. கணக்குக்குத்தாங்க."

செல்லப்பாண்டி பேனாவை எடுத்தான். பரமேஸ்வரி மேசை மேல் கிடந்த போனை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அவன் பேனாவை வைத்துவிட்டான்.

"சார், அன்னைக்கு ஒருநாள் படிக்காம ஒரு கட்டு கையெழுத்துப் போட்டேன். அதுல எம் பேர்ல நானே செய்யாத ஒரு நாள் பொறந்துருச்சு. அதை நானே நம்பவும் ஆரம்பிச்சுட்டேன். இனிமே முடியாது சார். கையெழுத்து வேணும்னா போடுறேன். ஆனா இன்னைக்குப் போட்டா இன்னைக்குத் தேதிதான் போடுவேன்."

"அப்படிப் போட்டா சிஸ்டத்துக்கு ஒத்து வராதுங்களே..." என்றார் கன்சல்டன்ட்.

"முட்டை குடுக்காத நாளுக்கு முட்டை குடுத்தேன்னு எழுதுனா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்றாள் பரமேஸ்வரி, சுவரைப் பார்த்து. "உங்க சிஸ்டத்துல ஆள் எடுக்குறீங்களா சார்?"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "போடட்டும். எப்படியோ போடட்டும். போய் மிஷினைப் பாருப்பா. முதல்ல அந்த ஹீட்டரை மாத்தச் சொல்லுங்கய்யா."

செல்லப்பாண்டி ஒவ்வொரு பழைய நாளுக்கு நேராகவும் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அன்றைய தேதியை எழுதினான். நிதானமாக எழுதினான். அந்த அறையில் அன்றைக்கு மிஷின் எண்ணெய்ப் பொட்டு இல்லாமல் ஒரு தாள் எழுதப்பட்டது.

அது மஞ்சள் ஃபைலுக்குப் போனது. அழகர் நாள் தாள் பச்சைக்குப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் பிறந்த மற்றத் தாள்கள் மஞ்சளிலேயே சுகமாக இருக்கின்றன. மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அதற்கு ஃபார்மட் இல்லை.

இப்போது தெரிந்திருக்குமே, போன வாரம் ஆடிட்டர் குறை கண்டுபிடித்த ஒரே தாள் எது என்று?

ஆமாம். கற்பனைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, "பிரமாதம், பிரமாதம்" என்றவர், செல்லப்பாண்டியின் தாளில் நின்றார். பயிற்சி நாளும் கையெழுத்துத் தேதியும் ஒத்துப்போகவில்லை, ரெக்கார்ட் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் மஞ்சள் ஃபைலில் அந்தக் கற்பனைத் தாள்களுக்கு நடுவே கையெழுத்துக்கும் தேதிக்கும் பொய் கலக்காத தாள் அது ஒன்றுதான். அது ஒன்றுதான் பரீட்சையில் ஃபெயில்.

லட்டு வாங்கும்போது செல்லப்பாண்டி கேட்டான். "கொறைக்குக் காரணமானவனுக்கும் லட்டு உண்டாண்ணே?"

ஜாபர்தான் பதில் சொன்னான். "எடுத்துக்க மாப்ள. சூடு எம்புட்டுன்னு மட்டும் எங்கிட்டக் கேக்காத."

சனிக்கிழமை மேனேஜர் அந்தத் தாளோடு என் அறைக்கு வந்தார். "மணி, குறையைச் சரிசெஞ்சு அனுப்பணும். செல்லப்பாண்டிகிட்டப் பக்குவமாப் பேசி, வேற தாள்ல சரியான தேதி போட்டு வாங்கிட்டு வாங்க. உங்க பேச்சைக் கேப்பான்."

என் நாக்கு வழக்கம் போல ஒட்டிக்கொண்டது. உரித்து எடுத்தேன்.

"சார்... ரெக்கார்டைத் திருத்தக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தாங்களே சார். நடந்தது நடந்ததுதான்னு."

அலமாரியே வாய் திறந்து பேசிவிட்டது போல என்னைப் பார்த்தார். தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுபடி வருவார். வரட்டும். தாள் மஞ்சள் ஃபைலில்தான் இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது.

இதைப் புரட்டாசியிலேயே எழுதியிருக்கலாம். கூச்ச சுபாவக்காரன், தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பத்திரிகை ஆபீஸில், கட்டுரைக்குக் கீழே இதழ் வெளியாகிற தேதியைப் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். டைப் அடிக்கிற தங்கச்சிக்கு ஒரு வேண்டுகோள்: என் எழுத்துப்பிழைகளை எவ்வளவு வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளம்மா. கீழே உள்ள ஒரு வரியை மட்டும் தொடாதே.

எழுதிய நாள்: ஐப்பசி பத்து, திங்கட்கிழமை.